ஊரைப் பார்த்துக் குடித்த டீ

'இது உங்கள் சொந்தப் படைப்பா?' என்று, படங்களை ஏற்றும்போது அந்த இணையப் பக்கம் கேட்டது. ஆமாம் என்று கட்டத்தில் டிக் போட்டேன். கேமரா என்னுடையது, பொத்தானை அழுத்திய விரல் என்னுடையது, வெயிலில் மண்மேட்டில் ஏறி இறங்கித் தேய்ந்த முழங்காலும் என்னுடையது. அப்புறம் வேறு யாருடைய படைப்பு? இன்றைக்கு ஒரு வக்கீலிடம் போய்க் கேட்டாலும் படம் உன்னுடையதுதான் என்று சொல்வார். அதுதான் என்னை வாட்டுகிறது. டிக்கே தப்பு என்று யாராவது சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போட்டாவது மனசு ஆறியிருக்கும்.

நான் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குத் தினமும் ரயிலில் போய் வருகிறவள். மைன், அதாவது தங்கச் சுரங்கம், மூடியதற்கு அப்புறம் கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. பள்ளிப் புத்தகங்கள் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்குப் பக்க வடிவமைப்பு வேலை. எழுத்தையும் படத்தையும் அடுக்கவேண்டும். எந்தப் படத்தை யாரிடம் கேட்டு எடுக்கவேண்டும், யார் பெயரை எங்கே போடவேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். இந்த விஷயத்தில் ஆபீஸில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கடைசியில் அடியும் அங்கேயேதான் விழுந்தது.

சில வருஷங்களுக்கு முன் சுரங்கங்களைப் பற்றி ஒரு பாடம் வந்தது. படம் விற்கும் கம்பெனி ஒன்று எங்கள் ஊரில் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டையே படமெடுத்து அனுப்பியிருந்தது. ஊருக்குள்ளேயே இருக்கும் பாலகாட் பக்கம் நின்று யாரோ வெளிநாட்டுக்காரர் எடுத்த படம். இரும்புக் கோபுரம், பின்னால் தங்கம் பிரித்த கழிவான சயனைடு மண்மேடு, குறுக்கே அந்தக் கம்பெனியின் முத்திரை. கீழே 'ஆளில்லாத பேய் நகரம்' என்று விளக்கம். படத்தின் ஓரத்தில் ஒரு கொடியில் புடவையும் பள்ளிச் சீருடையும் காய்ந்துகொண்டிருந்தன. பேய்களுக்குத் துணி துவைக்கும் வழக்கம் உண்டா சார் என்று மேனேஜரைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, விலையை விசாரி என்றார்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. "நம்ம ஊர் ஷாஃப்ட்ட நாமளே காசு குடுத்து வாங்கணுமா? அதுவும் நம்மள பேய்னு சொல்றவன்கிட்ட?" என்று கத்தினேன்.

என் கணவர் நிதானமானவர். "தங்கத்தையே அள்ளிக்கினு போயிட்டாங்க. நீ இன்னா, போட்டோவுக்கு அழுவுற" என்றார்.

அந்த வாரமே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஷாஃப்ட்டுகள், மண்மேடுகள், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், மழையில் ஒழுகும் தகரக் கூரை, ஸ்டேஷன், பூதிகோட்டைப் பக்கத்து ராகி வயல். ஊரில் ஆள் இருக்கிறார்கள், துவைக்கிறார்கள், சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள் என்று காட்டவேண்டும். அதையும் இலவசமாகக் காட்டவேண்டும். இனி யாரும் எங்கள் ஊரை எங்களுக்கே விற்கக் கூடாது. அவ்வளவு ரோஷம் எனக்கு.

யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படியான பொதுப் படக் கிடங்கு ஒன்று இணையத்தில் இருக்கிறது. அங்கே ஏற்றும்போது உரிமத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படம் எடுத்தவருக்கு அதன்மேல் தானாகவே உரிமை வந்துவிடும். மற்றவர்கள் அவரைக் கேட்டுத்தான் பயன்படுத்தவேண்டும். கட்டற்ற உரிமம் என்பது, 'என்னைக் கேட்கவேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது. எவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறோம் என்பதில் படிகள் உண்டு. வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை போடலாம். வெட்டவோ மாற்றவோ கூடாது என்றும் போடலாம். ஆனால் இந்த இரண்டில் எந்த நிபந்தனை இருந்தாலும் அந்தப் படத்தை அந்தக் கிடங்கு வாங்கிக்கொள்ளாது, வேறு இடம் பார்க்கவேண்டும். நான் எடுத்தது இது: என் பெயரைப் போடுங்கள், எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஆனால் மாற்றியதையும் இதே உரிமத்தில் எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள்.

என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த கணவர், "மாத்தக்கூடாதுன்னு ஒண்ணு கீதே, அத்த போடேன். வேற எடத்துல ஏத்தினா போவுது" என்றார்.

"குடுக்கிறவ கைய பாதி மூடிக்கினு குடுப்பாளா?" என்றேன்.

அதற்குக் கீழேயே, ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்று போட்டிருந்தது. படித்தேன். படிக்காமல் விட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. திரும்பக் கேட்டால் அது என்ன கொடை? எல்லாப் படங்களையும் மொத்தமாகத் தேர்வு செய்து, எல்லாவற்றுக்கும் ஒரே உரிமத்தைப் போட்டு, ஒரே அமுக்காக அமுக்கினேன். இரும்பு, மண், தகரம், ரயில் என்று போன அந்தக் கூட்டத்தில் ஒரு மனிதரின் முகமும் போயிற்று.

அவர் எங்கள் லைனில் நாலு வீடு தள்ளி இருக்கும் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு அண்ணன் ஆனவர். மைனில் வேலை பார்த்தவர். மைன் மூடிய பிறகு பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டி. நாங்கள் போவது ஒரே ரயில், ஒரே பெட்டி.

எங்கள் லைன்களில் பெயருக்குப் பஞ்சம். தாத்தா பெயர், ஞானஸ்நானப் பெயர் என்று திரும்பத் திரும்ப அதே சில பெயர்கள்தான். ஒரு ஷிஃப்ட்டில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலைந்து பேர் திரும்புவார்கள். அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர். சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜில் கீழே போகும்போது கண்ணை மூடிக்கொள்பவர் 'சாமி'. எப்போதும் மூக்கு உறிஞ்சுபவர் 'பைப்பு'. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள்கூடப் பட்டப்பெயரைச் சொன்னால்தான் வீட்டைக் காட்டுவோம். அண்ணனுக்கு அந்தக் காலத்தில் 'தள்ளாட்டம்' என்று பெயர். காரணத்தை விளக்கவேண்டியதில்லை.

மைன் மூடியபோது குடிக்காதவர்கள் பலர் குடிக்க ஆரம்பித்தார்கள். அண்ணன் விட்டார். "சம்பளம் நின்னுது, அதுவும் நிக்கட்டும்னு வுட்டுட்டேன்" என்று லேசாகச் சொல்வார். லேசாக நடக்கவில்லை என்று அண்ணி எனக்குச் சொல்லியிருக்கிறாள். கை சும்மா இருந்தால் நடுங்குமாம். அந்தக் கைக்கு வேலை கொடுப்பதற்காக அவள் ஒரு பிளாஸ்க் வாங்கி, டீ போட்டு நிரப்பி, வேலைக்குப் போகும்போது கையில் கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து அந்தப் பிளாஸ்க் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவருக்கு மட்டும் போதுமான டீ, நாளாக நாளாகப் பெட்டியில் இருக்கும் எல்லாருக்குமான டீயாக ஆயிற்று. பிளாஸ்க்கும் பெரிதாயிற்று.

ரயில் பங்காரப்பேட்டையைத் தாண்டியதும் அவர் ஊற்ற ஆரம்பிப்பார். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் பிளாஸ்க்கின் ஸ்டீல் மூடியில் தனக்கு ஊற்றிக்கொள்வார். அதைத் தலைக்கு மேல் தூக்கி, பெட்டி முழுவதையும் ஒரு பார்வை பார்த்து, "சியர்ஸ்" என்பார். பெட்டியும் "சியர்ஸ்" என்று கத்தும். முதல் தடவை பார்ப்பவர்கள் மிரண்டுபோவார்கள்.

இந்த வேடிக்கையின் அர்த்தத்தையும் அண்ணிதான் சொன்னாள். "அப்பல்லாம் செவுத்தப் பாத்துக்கினு குடிப்பாரும்மா. ரெண்டு கையாலயும் கிளாஸ மூடிக்கினு, ஒரே மடக்கு. நான் பாத்துடக் கூடாதாம். இப்ப பாரு, ஊரப் பாத்து குடிக்கிறாரு." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது வேர்வை மட்டும் இல்லை.

ஒருவருடைய பட்டப்பெயரை ஊர் மாற்றிச் சொல்ல எத்தனை காலம் ஆகும் தெரியுமா? சில பேர் செத்து, கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போதும் பழைய பெயரோடுதான் போகிறார்கள். அண்ணனுடையது மாறியது. கொஞ்சம் கொஞ்சமாக 'தள்ளாட்டம்' தேய்ந்து, 'பிளாஸ்க்' வந்தது. அவர் போகும் கிறிஸ்தவச் சபையில் அவரை மூப்பராக்கினார்கள். திருவிருந்து நாளில் போதகருக்குப் பக்கத்தில் நின்று திராட்சரசப் பாத்திரத்தைப் பிடிக்கும் வேலை அவருக்கு வந்தது. நான் கோயிலுக்குப் போகிறவள், சபைக்குப் போகிறவள் இல்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வெள்ளைச் சட்டையில் நடந்துபோன நடையைப் பார்க்க லைனே வாசலில் நின்றது, நானும் நின்றேன்.

நான் எடுத்தது அந்த 'சியர்ஸ்' நேரத்துப் படம். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் ஸ்டீல் மூடியில் பட்டுத் தெறிக்கிறது. அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். சிரிப்பில் கண் பாதி மூடியிருக்கிறது. நான் எடுத்த படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான். இப்போதும் அதுதான்.

அவரிடம் கேட்காமல் ஏற்றவில்லை. கேட்டேன். அதே பெட்டியில், எல்லாரும் இருக்கும்போதே கேட்டேன்.

"அண்ணா, இத்த நெட்டுல போடட்டா?"

"போடேன். யாரு பாக்கப்போறா?"

"எல்லாரும் பாப்பாங்க. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். ஃப்ரீ."

"ஃப்ரீன்னா நல்லதுதானேம்மா. என் மூஞ்சிக்கு இன்னா வெலையா போட முடியும்?"

பெட்டி சிரித்தது. மாற்றலாம் என்பதை நான் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை, சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. புத்தகத்தில் போடுவார்கள், எங்கேயாவது பிரேம் போட்டு மாட்டுவார்கள் என்ற அளவுக்குத்தான் என் புத்தியும் ஓடியது. ஆபீஸில் அடுத்தவர் படங்களை வெட்டி, திருப்பி, பின்னணியை எடுத்து, நிறத்தை மாற்றி ஒட்டுவதே எனக்குப் பிழைப்பு. அந்த வேலையை அண்ணன் முகத்தோடு சேர்த்து ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை.

கொடுத்ததில் நல்லது நடக்கவில்லை என்று சொன்னால் பொய். என் ஷாஃப்ட் படத்தை ஒரு பள்ளிக்கூடம் சுவரில் பெரிதாக வரைந்திருந்தது. மண்மேட்டுப் படத்தை யாரோ மாணவி தன் ஆராய்ச்சியில் சேர்த்து, என் பெயரைப் போட்டு, நன்றி என்று எழுதியிருந்தாள். எங்கள் ஊரைப் பற்றித் தேடினால் இப்போது என் படங்கள்தான் முதலில் வருகின்றன, துணி காயும் கொடியோடு. ஒவ்வொன்றையும் கணவருக்குக் காட்டிக் காட்டி அவர் உயிரை வாங்கினேன். அந்தச் சந்தோஷத்திலும் நான் யாரையும் ஏமாற்றவில்லை.

போன வருஷம் ஒரு காலை. பெட்டியில் ஒருவர் போனை நீட்டி, "பிளாஸ்க்கு, இது நீதானே?" என்று கேட்டார். எல்லாரும் குனிந்தோம்.

குடியை விடச் சொல்லி, கன்னடத்தில் ஒரு விளம்பரம். வேறு மாவட்டத்தில் இருக்கும் ஒரு குடிமறப்பு மையம் போட்டது. அண்ணன் முகம் திருப்பிப் போடப்பட்டிருந்தது. ரயில் ஜன்னல் போய், பின்னால் இருட்டான சாராயக்கடை. காலை வெளிச்சம் போய், முகத்தில் மஞ்சள் சிவப்பு. ஸ்டீல் மூடி கண்ணாடி கிளாஸாகி, அதில் டீ நிறத்திலேயே வேறு ஏதோ தளும்பியது. சிரிப்பையும் பாதி மூடிய கண்ணையும் அவர்கள் தொடவில்லை. அவை அப்படியே பொருந்தின. 'இவரை வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்' என்று மேலே பெரிய எழுத்து.

கீழே, பொடி எழுத்தில், என் பெயர். உரிமத்தின் பெயர். 'மூலப் படம் மாற்றப்பட்டுள்ளது' என்ற குறிப்பு. எங்கள் ஆபீஸில்கூட இவ்வளவு ஒழுங்காகப் போடுவதில்லை. 

அண்ணன் போனைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "பரவால்லியே. தலைமுடி கொஞ்சம் சேத்துக் குடுத்துக்கிறான்" என்றார். பெட்டி வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பாடா, அண்ணன் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார், தப்பித்தேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகத்தான் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் அதிகம். அன்று அவர் "சியர்ஸ்" சொல்லவில்லை என்பதையே நான் என் ஸ்டேஷனான வைட்ஃபீல்டில் இறங்கிய பிறகுதான் கவனித்தேன்.

போனில் மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை அது மறைந்துபோயிருக்கும். அந்த மையம் எங்கள் ஊரில் ஒரு இலவச முகாம் நடத்த வந்தது. நல்ல காரியம், எங்கள் ஊருக்குத் தேவையான காரியம். மார்க்கெட் போகும் வழியில், சபைக்குத் திரும்பும் முனையில், பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அது யார் முகம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வயதானவர்களுக்குப் பழைய பெயர் நினைவுக்கு வந்தது. நேற்று வந்த மருமகள்களுக்கு அவர்கள் கதை சொன்னார்கள். கதையில் பாதி உண்மையும் இருந்ததே, அதுதான் கொடுமை. ஒரு பொய்யை மறுத்துவிடலாம். முடிந்துபோன ஒரு உண்மையை எப்படி மறுப்பது? ஒரு சாயங்காலம் ஸ்டேஷனில் இறங்கி நாங்கள் நடந்து வரும்போது, பின்னாலிருந்து ஒருவர் சாதாரணமாக, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், "தள்ளாட்டம், நில்லுப்பா, நானும் வரேன்" என்று கூப்பிட்டார். அண்ணன் நின்றார். பழக்கத்தில் நின்றுவிட்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் பாத்திரத்தை வேறொருவர் பிடித்தார். போதகர் நீக்கவில்லையாம், அண்ணனே வேண்டாம் என்றாராம். புதிதாக வருகிறவர்கள் பாத்திரத்தை வாங்கும்போது தன் கையைப் பார்க்கிறார்கள் என்று சொன்னாராம்.

நான் அந்த மையத்துக்குப் போன் செய்தேன். திட்டுவதற்குத் தயாராகத்தான் செய்தேன். பேசியவர் நல்ல மனிதர், அதுவும் என் துரதிர்ஷ்டம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், நாங்க லைசென்ஸ் பார்த்துத்தான் எடுத்தோம். மாத்தலாம்னு நீங்களே போட்டிருக்கீங்க. உங்க பேரும் போட்டிருக்கோம்" என்றார். ஒவ்வொரு வார்த்தையும் சரி. திருடன் எடுத்திருந்தால் திட்டலாம். கதவைத் திறந்து வைத்து, வாங்க வாங்க என்று கூப்பிட்டவள் நான். படத்தில் இருப்பவர் குடிக்கிறவரே இல்லை, டீ அது என்று சொன்னேன்.  அவர், ஃப்ளெக்ஸை இன்றைக்கே இறக்கச் சொல்கிறேன், அடுத்த முறை வேறு படம் போடுகிறோம் என்றார். இறக்கினார்கள்.

ஆனால் மாற்றிய படத்தை அவர்கள் தங்கள் பக்கத்தில் எல்லாருக்குமாகப் போட்டு வைத்திருந்தார்கள். இதே உரிமத்தில் கொடுக்கவேண்டும் என்பது என் நிபந்தனை ஆயிற்றே. நான் மார்தட்டிக்கொண்ட நிபந்தனை. அதைப் பிடித்துக்கொண்டு அந்தக் குடிகார முகம் போய்க்கொண்டே இருந்தது. தெலுங்கில் ஒன்று பார்த்தேன். இந்தியில் ஒன்று. அவற்றில் அண்ணன் இன்னும் கொஞ்சம் கறுத்து, இன்னும் கொஞ்சம் தள்ளாடினார்.

கிடங்கிலிருந்து மூலப் படத்தை நீக்கச் சொல்லிக் காரணம் எழுதினேன். நீக்கினார்கள். நீக்குவதற்கு முன் எடுத்தவர்களுக்கு நான் கொடுத்த உரிமம் செல்லும் என்பதையும் மரியாதையாகத் தெரிவித்தார்கள். உரிமத்தின் வாசகங்களை மறுபடியும் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நான் வற்புறுத்திக் கேட்கக்கூடிய ஒரே ஒரு விஷயம் அதில் இருந்தது. படம் எடுத்தவர் விரும்பினால், தன் பெயரை எடுத்துவிடும்படி கேட்கலாம்; கேட்டால் அவர்கள் எடுக்கவேண்டும். அதாவது நான் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. அவருக்குத்தான் இல்லை.

கணவரிடம் சொன்னேன். அன்று அவர் கேலி செய்வார் என்று நினைத்தேன். கேலியாகச் சொல்லவில்லை. "கடைத்தேங்காய எடுத்து வழிப்புள்ளையாருக்கு ஒடச்சிட்ட" என்றார். உள்ளே போய்விட்டார். நான் தாராளமாகக் கையை விரித்துக் கொடுத்ததில் என்னுடையது கொஞ்சம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளிச்சமும் கோணமும் என்னுடையவை. சிரிப்பு அண்ணனுடையது.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. "இந்த பிளாஸ்க்க நெரப்புன கையிம்மா இது" என்று கையைக் காட்டினாள். "எத்தினி வருசமா நெரப்புனேன். நீ ஒரே ஒரு போட்டோல கவுத்துட்டியே." நான் அழுதேன். அவள் அழவில்லை. உள்ளேயிருந்து அண்ணன், "வுடுடி, அது வோணும்னா செஞ்சுது? உள்ள வாம்மா" என்றார்.

தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எதைத் திரும்பப் பெறலாம், எதை முடியாது என்று. அவர் கவனமாகக் கேட்டார். கடைசியில், என் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொல்லலாம் என்றும் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது.

"எடுத்துடச் சொல்லு" என்றார் உடனே. "பொம்பளப் பேரு, அது எதுக்கு சாராயக்கடை போட்டோ கீழ நிக்கணும்? உன்னிய யாருனா ஏதுனா சொல்லப்போறாங்க."

எனக்கு அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. நான் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. எங்கெல்லாம் அந்த முகம் போகிறதோ அங்கெல்லாம் என் பெயரும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இதனால் அவருக்கு ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது என்று தெரியும். என் மனச்சமாதானத்துக்கு என்றுகூடச் சொல்ல முடியாது, சமாதானம் வரவில்லை.

இப்போதும் நான் படம் எடுக்கிறேன். கட்டற்ற உரிமத்தில்தான் கொடுக்கிறேன். இரும்பையும் மண்ணையும் கொடுக்கிறேன். முகங்களை என்னிடமே வைத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு மறுபடியும் ஆளில்லாத ஊர்தான் தெரிகிறது. அந்த வெளிநாட்டுக்காரரோடு நான் போட்ட சண்டையில் கடைசியில் அவர்தான் ஜெயித்தார்.

அண்ணன் ரயிலில் வராமல் இல்லை. முதலில் சில நாள் வேறு பெட்டியில் ஏறினார். பிறகு எங்கள் பெட்டிக்கே வந்துவிட்டார். என்னோடு பேசுகிறார். என் பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறார். பங்காரப்பேட்டை தாண்டியதும் பிளாஸ்க்கைத் திறந்து எல்லாருக்கும் ஊற்றுகிறார். எனக்கு எப்போதும் போல ஒரு சொட்டு அதிகமாகவே ஊற்றுகிறார்.

போன வாரம் நான் என் டம்ளரைக் கொஞ்சம் தூக்கி, "சியர்ஸ் அண்ணா" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. பெட்டியில் யாரும் திருப்பிச் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் யார் கையில் போன் இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தார். ஸ்டீல் மூடியில் தனக்கு ஊற்றிக்கொண்டு, அது ஆறும்வரை மடியில் வைத்திருந்தார். பிறகு பெட்டியின் சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டு, ஒரே மடக்கில் குடித்தார்.